ஏர் பெட்டில் காற்று எவ்வளவு இருக்க வேண்டும்?

படுத்த படுக்கையாக இருப்பவருக்குப் படுக்கைப் புண் வராமல் இருக்க, பம்பால் காற்று ஏறி இறங்கும் ஏர் பெட் வாங்கிப் போட்ட பல வீடுகளில் பம்பின் குமிழ் கடைசி வரைக்கும் திருப்பப்பட்டிருக்கும். காற்று நிறைய இருந்தால்தானே நல்லது என்ற நினைப்பு. மெத்தையைத் தட்டினால் லாரி ட்யூப் மாதிரி விண்ணென்று இருக்கும். மேலே படுத்திருப்பவர் அதற்குள் கொஞ்சமும் அமிழ மாட்டார். வால் எலும்பு, தோள்பட்டை, பிடரி, குதிகால் ஆகிய நாலைந்து இடங்கள்தான் மொத்த எடையையும் தாங்கும். சில நாளில் வால் எலும்பின் மேல் தோல் கறுக்கத் தொடங்கும். "ஏர் பெட் போட்டும் எப்படிங்க புண் வந்துச்சு?" என்று குடும்பத்தார் கேட்பார்கள். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்த மெத்தை வேலை செய்யும் நிலையிலேயே வைக்கப்படவில்லை.

இதற்கு நேரெதிரான தவறும் உண்டு. மெத்தை ஏறி இறங்குவது நோயாளிக்குத் தொந்தரவாக இருக்கிறது என்று குமிழைக் குறைத்துக்கொண்டே போய், கடைசியில் இடுப்பு அடியிலுள்ள கொயர் மெத்தையைத் தொட்டுவிடும். பம்ப் ஓடும் சத்தம் கேட்கும், ஓரத்துக் குமிழிகள் உப்பியிருக்கும். பார்க்கிறவர்களுக்கு எல்லாம் சரியாகத் தெரியும். இடுப்புக்குக் கீழே மட்டும் காற்றே இருக்காது.

சரியான அழுத்தம் எது என்பதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்: அடித்தளத்தில் உடம்பு இடிக்காமல் இருக்கும் வரை, எவ்வளவு குறைவாக வைக்க முடியுமோ அவ்வளவு. அது எந்த இடம் என்பதைப் பம்பின் குமிழ் சொல்லாது. வால் எலும்புக்கு அடியில் விட்ட கைதான் சொல்லும்.

ஏன் குறைவாக?

1930-ல் யூஜின் லாண்டிஸ் என்ற அமெரிக்க மருத்துவர், நகக்கண்ணில் உள்ள நுண் ரத்தக்குழாய்களுக்குள் அழுத்தத்தை அளந்தார். ரத்தம் நுழையும் பக்கம் சராசரியாக 32 மி.மீ. பாதரசம், வெளியேறும் பக்கம் 12. பி.பி. பார்க்கும் அதே அலகுதான். வெளியிலிருந்து வரும் அழுத்தம் இதைத் தாண்டினால் அந்த இடத்துக்கு ரத்தம் போவது தடைபடும் என்பதுதான் அன்றிலிருந்து இந்தத் துறையின் அடிப்படைக் கணக்கு. 32 என்பதை எல்லாருக்கும் பொருந்தும் எல்லைக்கோடாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சர்க்கரை நோய், ரத்தச்சோகை, காய்ச்சல், தாழ்ந்த பி.பி. இருப்பவர்களுக்கு அதைவிடக் குறைந்த அழுத்தமே போதும், தோல் சாகும்.

அழுத்தத்தோடு நேரமும் சேர வேண்டும். மைக்கேல் கோசியாக் என்ற மருத்துவர் 1959-லும் 1961-லும் விலங்குகளில் செய்த சோதனைகளில், 70 மி.மீ. அழுத்தம் இரண்டு மணி நேரம் விடாமல் இருந்தபோது தசை கெட்டது. சில நிமிடங்களுக்கு ஒருமுறை விட்டுவிட்டுக் கொடுத்தபோது பாதிப்பு மிகவும் குறைந்தது. நம் வீட்டில் ஓடும் மாறு அழுத்த மெத்தையின் தத்துவம் இதுதான். மெத்தையில் வரிசையாக உள்ள குமிழிகளிலோ நீளக் குழாய்களிலோ ஒரு வரிசை உப்பும்போது பக்கத்து வரிசை இறங்கும், ஐந்தாறு நிமிடத்தில் முறை மாறும். எந்த இடத்துத் தோலுக்கும் பத்துப் பன்னிரண்டு நிமிடத்துக்குள் ஒருமுறை ஓய்வு கிடைத்துவிடும்.

பலர் குழம்பும் இடம் ஒன்று உண்டு. பம்பின் ஸ்டிக்கரில் 40 முதல் 130 வரை என்று எழுதியிருக்கும். "32-க்கு மேல் போகக் கூடாது என்றால் 130 எப்படி?" என்று கேட்பார்கள். ஸ்டிக்கரில் இருப்பது குழாய்க்குள் உள்ள காற்றின் அழுத்தம். தோலின் மேல் விழும் அழுத்தம் வேறு. உடம்பு எவ்வளவு அமிழ்கிறது, எத்தனை சதுர அங்குலத்தில் எடை பரவுகிறது, நடுவில் என்ன துணி இருக்கிறது என்பவற்றைப் பொறுத்து அது மாறும். ஒரே குமிழ் நிலையில் நல்ல சதைப்பிடிப்பு உள்ளவரின் இடுப்பில் ஒரு அழுத்தமும், எலும்பும் தோலுமாக இருப்பவரின் வால் எலும்பில் அதைவிடப் பல மடங்கும் விழும். ஆகவே எண்ணைப் பார்த்து வைப்பதால் வேலை முடிந்துவிடாது.

குமிழ் உண்மையில் என்ன செய்கிறது

சிறிய பம்பைத் திறந்தால் உள்ளே பெரிதாக எதுவும் இருக்காது. ஒரு மின்காந்தச் சுருள், அதனருகே அதிரும் காந்தத் தண்டு, தண்டின் முனையில் டயஃப்ரம் என்ற ரப்பர் சவ்வு, காற்று ஒரே திசையில் போக வைக்கும் மெல்லிய வால்வு இதழ்கள். இது காற்றைத் தள்ளும் பகுதி. மெதுவாகச் சுற்றும் குட்டி மோட்டார் ஒன்று துளைகள் உள்ள தட்டைச் சுழற்றி, காற்றை ஒருமுறை முதல் குழாய்க்கும் அடுத்த முறை இரண்டாம் குழாய்க்கும் திருப்பிவிடும். எல்லாம் சேர்ந்து 10 வாட்டைத் தாண்டுவது அரிது.

முன்பக்கக் குமிழ் கட்டுப்படுத்துவது ஒரு கசிவு வாயிலை. மெதுவுப் பக்கம் திருப்பினால் அதிகக் காற்று வெளியே கசியும், அழுத்தம் குறையும். கெட்டிப் பக்கம் திருப்பினால் கசிவு மூடும். அவ்வளவுதான். நோயாளியின் எடையை அது அளப்பதில்லை. மெத்தைக்குள் எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்பதும் அதற்குத் தெரியாது. குமிழைச் சுற்றி அச்சிட்ட கிலோ எண்கள் வெறும் தொடக்கப் புள்ளி. டயஃப்ரம் தளர்ந்தாலோ, வடிகட்டி அடைத்தாலோ, வோல்டேஜ் இறங்கினாலோ, அதே குறியில் கிடைக்கும் காற்று குறையும். தண்டு அதிரும் வீச்சு மின்னழுத்தத்தைப் பொறுத்தது. மாலையில் வோல்டேஜ் இறங்கும் கிராமத்து வீட்டில் பகலில் சரியாக இருந்த மெத்தை ராத்திரி தொய்வதற்கு இதுதான் காரணம்.

டிஜிட்டல் பம்பில் உள்ளே அழுத்த உணரி இருக்கும், கிலோ எண்ணைத் தட்டினால் அதற்கேற்ற அழுத்தத்தைத் தானே பிடித்து வைக்கும். இது நல்ல வசதி. ஆனால் அதுவும் குழாய்க்குள் உள்ள காற்றைத்தான் அளக்கிறது. கையை விட்டுப் பார்க்கும் வேலை அங்கேயும் தீராது.

விரிக்கும்போதே பாதி வேலை

ஏர் பெட்டை வெறும் பலகைக் கட்டிலிலோ, கயிற்றுக் கட்டிலிலோ, தரையிலோ போடாதீர்கள். அடியில் மூன்று நான்கு அங்குலக் கொயர் அல்லது ஃபோம் மெத்தை வேண்டும். காற்று போய்விட்டால் நோயாளியைத் தாங்கப் போவது அதுதான். முழு மெத்தையாகவே வரும் எட்டு அங்குல வகைக்கு மட்டும் இது தேவைப்படாது. பம்போடு சேரும் இரண்டு குழாய்கள் கால் பக்கம் வரும்படி விரித்து, இரு முனையிலும் உள்ள மடிப்பை மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். பம்பைக் கால்மாட்டுக் கம்பியில் கொக்கியில் மாட்டுங்கள். இரும்புக் கட்டிலில் நேராக மாட்டினால் கட்டிலே ரீங்கரிக்கும், நடுவில் மடித்த துண்டு ஒன்று வைத்தால் அடங்கும். பம்பைத் தரையில் வைத்தால் தூசியை உறிஞ்சும், கட்டிலிலிருந்து தொங்கும் போர்வை மூடிச் சூடாகும். துடைக்கும்போது தண்ணீரும் படும்.

குழாய் எங்காவது மடங்கியிருக்கிறதா என்று விரல் வைத்துத் தடவிக்கொண்டே முழு நீளத்துக்கும் பாருங்கள். முதுகைத் தூக்கும் கட்டிலில் கைப்பிடியைச் சுற்றும்போது குழாய் இரும்புக்கு நடுவில் நசுங்குவது அடிக்கடி நடக்கும். ஆகவே ஒருமுறை தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டே ஆளைப் படுக்க வையுங்கள்.

முதல்முறை காற்று நிரப்பும்போது குமிழைக் கடைசிக் கெட்டி நிலையில் வைத்து, யாரையும் படுக்க வைக்காமல் அரை மணி நேரம் விடுங்கள். எட்டு அங்குல வகை இன்னும் கொஞ்சம் நேரம் எடுக்கும். ஆளைப் படுக்க வைத்த பிறகு எடைக்கேற்ற குறிக்குக் கொண்டு வாருங்கள். எடை தெரியாவிட்டால் படுக்கையில் விழும் முன் இருந்த எடையைப் போடாதீர்கள். மாதக்கணக்கில் படுத்திருப்பவர் பத்துப் பதினைந்து கிலோ இளைத்திருக்கலாம். உத்தேசமாகப் போட்டு, மீதியைக் கைக்கு விடுங்கள்.

மேலே ஒரே ஒரு பருத்தி விரிப்பு, தளர்வாக. இதை எத்தனை முறை சொன்னாலும் தகும். ஏர் பெட்டின் மேல் ரப்பர் ஷீட், அதன் மேல் போர்வை, அதன் மேல் நாலாக மடித்த பழைய வேட்டி, போதாக்குறைக்கு டயாப்பர் என்று அடுக்கினால் கீழே காற்று ஏறி இறங்குவது தோலுக்குத் தெரியவே தெரியாது. விரிப்பை நாலு பக்கமும் இழுத்து இறுக்கிச் செருகினாலும் கேடுதான். துணி தூளி மாதிரி விறைத்து உடம்பைத் தூக்கிப் பிடிக்கும், குமிழிகளுக்குள் உடம்பு அமிழாது. ஆஸ்பத்திரி வார்டில் சுருக்கமில்லாமல் இறுக்கி விரிப்பதுதான் அழகு என்று பழகியவர்களுக்கு இது மனசுக்கு ஒப்பாது. ஏர் பெட்டுக்கு அந்தப் பழக்கத்தை விட்டாக வேண்டும்.

கையை விட்டுப் பார்ப்பது

வளையல், மோதிரம், கைக்கடிகாரம் மூன்றையும் கழற்றுங்கள். மெத்தை கிழிவதும் தோல் கீறுவதும் இவற்றால்தான். கட்டிலின் தலைப்பகுதியை முழுக்க இறக்கி, நோயாளியை மல்லாந்து படுக்க வையுங்கள். அவருக்கு நினைவு இருக்கிறதோ இல்லையோ, "அப்பா, அடியில கை விட்டுப் பார்க்கிறேன்" என்று சொல்லிவிட்டுச் செய்யுங்கள். திடீரென்று இடுப்புக்குக் கீழே ஏதோ நகர்ந்தால் பதறிப் போவார்கள், பக்கவாதம் வந்தவர்களின் கைகால் வெட்டி இழுக்கும்.

பக்கவாட்டில் விரிப்பை விலக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, விரல்களைச் சேர்த்துத் தட்டையாக, ஏர் பெட்டுக்கும் கொயர் மெத்தைக்கும் நடுவில் கையை நுழையுங்கள். வால் எலும்புக்கு நேர் கீழே வரும் வரை போக வேண்டும். இடுப்பின் ஓரத்தோடு நிறுத்திவிட்டால் பயனில்லை, ஓரத்தில் எப்போதும் காற்று இருக்கும். அங்கே விரல்களை மேல்நோக்கி மெதுவாக அழுத்துங்கள்.

எலும்பு கெட்டியாகக் கையில் இடித்து, கை நசுங்குவது போலிருந்தால் காற்று போதாது. குமிழை ஒரு குறி ஏற்றுங்கள். கைக்கு மேல் மெத்தை கல் போல விறைத்து நின்று, அழுத்தினால் உடம்பு இருப்பதே தெரியவில்லை என்றால் காற்று அதிகம். ஒரு குறி இறக்குங்கள். அழுத்தும்போது உடம்பின் கனம் மெத்தென்று உணரப்பட்டு, எலும்புக்கும் கைக்கும் நடுவில் குறைந்தது ஒரு அங்குலக் காற்று இருந்தால் சரி. நீளக் குழாய் வகை மெத்தையில் 25 முதல் 40 மி.மீ. இடைவெளி நல்ல அளவு. முழு மெத்தை வகையில் கையை மெத்தைக்கு அடியில் விட்டுப் பயனில்லை, இறங்கியிருக்கும் குழாயின் மேலாக, இரண்டு உப்பிய குழாய்களுக்கு நடுவில் நுழைத்துப் பார்க்க வேண்டும். குமிழி வகையின் உயரமே இரண்டரை அங்குலம்தான் என்பதால் இடைவெளி இன்னும் குறைவாகத்தான் கிடைக்கும். எலும்பின் கூர்மை கையில் படவே கூடாது என்பதை அங்கே அளவாக வையுங்கள்.

ஒருமுறை பார்த்தால் போதாது. நீங்கள் கை விட்ட நேரம் வால் எலும்பின் கீழ் உள்ள வரிசை உப்பிய நேரமாக இருக்கலாம். ஐந்தாறு நிமிடம் கழித்து அதே இடத்தில் மறுபடியும் பாருங்கள். இறங்கிய நேரத்தில் இடிக்கவில்லை என்றால்தான் சரி. குமிழை மாற்றிய பிறகு இரண்டு சுழற்சி, அதாவது இருபது இருபத்தைந்து நிமிடம் பொறுத்துப் பாருங்கள். திருப்பிய மறுநொடி எதுவும் மாறாது. அவசரப்பட்டு இன்னும் திருப்பிக்கொண்டே போவதால்தான் கடைசிக் குறிக்குப் போய்விடுகிறது.

அடுத்து, சாப்பிடும்போது தலைப்பக்கத்தைத் தூக்கும் அதே அளவுக்குத் தூக்கி, இன்னொரு முறை கை விடுங்கள். படுத்த நிலையில் முதுகு முழுக்கப் பரவியிருந்த எடை, உட்கார வைத்ததும் இடுப்புக்கு இறங்கிவிடும். படுத்தபோது ஒரு அங்குலம் இருந்த இடத்தில் உட்காரும்போது எதுவும் இருக்காது. வீட்டில் அதிகம் பேர் கோட்டைவிடும் இடம் இதுதான். டிஜிட்டல் பம்பில் இதற்கென்றே உட்காரும் நிலை பொத்தான் இருக்கும், அமுக்கினால் கூடுதல் காற்று ஏறும். சாதா பம்பில் சாப்பாட்டுக்கு இருபது நிமிடம் முன்னால் குமிழை ஒரு குறி ஏற்றி, படுக்க வைத்ததும் பழைய இடத்துக்கு இறக்க வேண்டும். மறந்துவிடும் என்பதால் படுக்கும் நிலைக்கான இடத்தில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். சாப்பிட்ட பின் அரை மணி, ஒரு மணி நேரம் சாய்ந்திருந்தால் போதும். மற்ற நேரத்தில் 30 டிகிரிக்கு மேல் வேண்டாம், மூக்குக் குழாய் வழியே உணவு போகிறவர்களுக்கு மருத்துவர் வேறு சொன்னால் தவிர. தலை உயர உயர உடம்பு கால் பக்கம் வழுக்கும், தோல் விரிப்போடு ஒட்டிக்கொள்ளும், எலும்பு மட்டும் உள்ளே நகரும். இந்த இழுவிசை மேல்தோலுக்குக் கீழே ரத்தக்குழாயை முறுக்கி மூடிவிடும். மேலே ஒன்றும் தெரியாமல் உள்ளிருந்து வரும் ஆழமான புண்கள் பல இப்படி வருபவை. தலையைத் தூக்கும் முன் முழங்காலுக்குக் கீழே தலையணை கொடுத்தால் வழுக்குவது குறையும்.

இந்தக் கைப் பரிசோதனையை முதல் நாள் மூன்று முறை, பிறகு தினமும் ஒரு முறை செய்யலாம். கரண்ட் போய் வந்தால், விரிப்பு மாற்றினால், பம்ப் சத்தம் மாறினால் உடனே பாருங்கள்.

குதிகால் தனிக் கணக்கு

குதிகால் சிறியது, உருண்டையானது, சதை கிடையாது. எந்த ஏர் பெட்டிலும் காற்றைச் சரிசெய்து குதிகாலை முழுமையாகக் காப்பாற்ற முடியாது. அதைத் தூக்கித்தான் வைக்க வேண்டும். கெண்டைக்கால் முழுவதையும் தாங்கும்படி ஒரு தலையணையை நீளவாக்கில் வைத்து, முழங்கால் லேசாக மடிந்து, குதிகால் எதையும் தொடாமல் அந்தரத்தில் நிற்கட்டும். ஒரு தாளை அடியில் நுழைத்தால் தட்டாமல் போக வேண்டும். தலையணை குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணை அழுத்தும் அளவுக்குக் கீழே இறங்கிவிடாமல் பாருங்கள்.

கையுறையில் தண்ணீர் நிரப்பி முடிச்சுப் போட்டுக் குதிகாலுக்கு அடியில் வைக்கும் பழக்கம் வார்டுகளில் பல காலமாக இருக்கிறது. அன்போடு செய்வதுதான், ஆனால் வேண்டாம். அந்தச் சின்னப் பை எடையைப் பரப்பாது, குதிகால் உருண்டு விழும், கசிந்தால் தோல் ஊறும். நடுவில் ஓட்டை உள்ள வளையத் தலையணையும் அப்படியே. ஓட்டையைச் சுற்றி விளிம்பில் அழுத்தம் கூடி, நடுவில் உள்ள தோலுக்கு ரத்தம் வருவதை அது தடுக்கும். சர்வதேச வழிகாட்டிகள் இரண்டையுமே தவிர்க்கச் சொல்கின்றன.

பம்ப் ஓடுகிறது, மெத்தை வேலை செய்யவில்லை

மிகவும் ஆபத்தான பழுது இதுதான், ஏனென்றால் விளக்கு எரியும், சத்தம் கேட்கும். காற்றைத் திருப்பிவிடும் குட்டி மோட்டார் நின்றுபோனால் ஒரு வரிசை எப்போதும் உப்பியும் மற்றது எப்போதும் தொய்ந்தும் இருக்கும். கண்டுபிடிக்க, இரண்டு குழாயையும் பம்பிலிருந்து உருவி, இரண்டு வாயையும் மாறி மாறிக் கன்னத்தின் அருகே பிடித்துப் பாருங்கள். ஒன்றில் காற்று வந்து மற்றதில் வரக் கூடாது. ஆறு நிமிடம் கழித்துப் பிடித்தால் மற்றதில் வர வேண்டும். பன்னிரண்டு நிமிடமாகியும் மாறவில்லை என்றால் அந்த மோட்டார் போய்விட்டது. வாரம் ஒருமுறை, குளிப்பாட்ட நோயாளியை நகர்த்தும்போது இதைச் செய்தால் போதும்.

ரீங்காரம் இருக்கிறது, எதிலும் காற்று இல்லை என்றால் டயஃப்ரம் கிழிந்திருக்கும், அல்லது வால்வு இதழ் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டையும் மாற்றலாம், அதற்காகப் புதுப் பம்ப் வாங்கத் தேவையில்லை. காற்று வருகிறது, ஆனால் பலமில்லை என்றால் முதலில் பின்புறமோ அடியிலோ உள்ள வடிகட்டிப் பஞ்சைக் கழற்றுங்கள். பருத்தித் துணியின் பஞ்சும் பவுடரும் சேர்ந்து கம்பளி மாதிரி படிந்திருக்கும். மாதம் ஒருமுறை கழுவி, நன்றாகக் காயவைத்து மாட்டுங்கள்.

மெத்தையில் ஓட்டை விழுந்தால், காற்று ஏற்றி, சோப்பு நுரையைத் தடவி, குமிழி கிளம்பும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். இன்சுலின் ஊசி, ஊக்கு, சேலையில் குத்தியிருக்கும் பின் ஆகியவைதான் வழக்கமான காரணம். ஊசி போட்டதும் மூடி மாட்டிக் கட்டிலை விட்டு வெளியே வைப்பதை வீட்டு விதியாக்குங்கள். ஒட்டும்போது காற்றை முழுக்க இறக்கித் துடைத்து, பெட்டியோடு வந்த ஒட்டுத்துண்டையும் பசையையும் பயன்படுத்தி, ஒரு நாள் கனம் வைத்து விடுங்கள். சைக்கிள் ட்யூபுக்குப் போடும் சொல்யூஷன் பி.வி.சி.யில் நிலைக்காது, இரண்டு நாளில் உரிந்து வரும். இன்னொன்று: வியர்வை தங்காமல் இருக்க, சில மெத்தைகளில் லேசரால் மிக நுண்ணிய துளைகள் போட்டிருப்பார்கள். அதில் வரிசையாக, சம இடைவெளியில் மெல்லிய காற்று வந்தால் அது பழுதில்லை, அடைத்துவிடாதீர்கள்.

அழுத்தத்தை எண்ணாகப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது. டயல் வைத்த பி.பி. கருவியின் மீட்டரை, குழாய் அளவுக்குப் பொருந்தும் டி வடிவ இணைப்பு ஒன்றால் பம்புக்கும் மெத்தைக்கும் நடுவில் சேர்த்துவிடுங்கள். நோயாளி படுத்திருக்கும்போது பத்துப் பன்னிரண்டு நிமிடம் முள்ளைக் கவனியுங்கள். உச்சத்தைக் குறித்துக்கொண்டு, இரண்டாம் குழாயிலும் அதையே செய்யுங்கள். ஒரு பக்கம் 70, மறுபக்கம் 45 என்றால் அந்தக் குறைந்த பக்கத்தில் கசிவு. இறங்கும் நேரத்திலும் முள் பூஜ்யத்தின் அருகே வரவில்லை என்றால் காற்று வெளியேறும் வழியில் அடைப்பு அல்லது மடிப்பு, அந்த வரிசைத் தோலுக்கு ஓய்வே கிடைக்கவில்லை. மீட்டர் கைவசம் இல்லாவிட்டால் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் வைத்தும் அளக்கலாம். 1 மி.மீ. பாதரசம் 13.6 மி.மீ. தண்ணீருக்குச் சமம், 60 மி.மீ. பார்க்க 82 செ.மீ. தண்ணீர் உயரம் வேண்டும்.

கரண்ட் போகும் நாள்

தமிழ்நாட்டில் மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை 9 மணிக்கு நிறுத்தினால் மதியம் தாண்டித்தான் வரும். எந்த ஊரில் எந்த நாள் என்று முன்கூட்டியே அறிவிப்பு வந்துவிடும், பார்த்து வையுங்கள். பம்பை இன்வெர்ட்டர் லைனில் போடுவதில் தயக்கமே வேண்டாம், ஒரு சின்ன எல்.இ.டி. பல்பு அளவுக்குத்தான் இழுக்கும். சைன் வேவ் வகை இன்வெர்ட்டர் நல்லது. மலிவான சதுர அலை வகையில் பம்ப் உறுமும், சூடாகும், சுருள் சீக்கிரம் கெடும்.

இன்வெர்ட்டர் இல்லையென்றால், மின்தடைக்குச் சற்று முன் இரண்டு வரிசையும் ஏறக்குறைய சமமாக இருக்கும் நேரம், அதாவது ஒன்று இறங்கி மற்றது ஏறும் இடைவேளை வரும்போது, குழாய்களை உருவி மடக்கி ரப்பர் பேண்டால் கட்டிவிடுங்கள். மூடி கொடுத்திருந்தால் மூடியைப் போடுங்கள். காற்று சில மணி நேரம் நிற்கும். ஆனால் இப்போது அது மாறாத மெத்தை, ஆகவே புரட்டிப் படுக்க வைப்பது இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கட்டாயம்.

புரட்டுவது பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏர் பெட் இருக்கிறதே என்று புரட்டுவதை நிறுத்திய வீடுகளில்தான் மோசமான புண்களைப் பார்க்கிறோம். 2019-ல் வெளியான பிரிட்டனின் ஆய்வு ஒன்றில் 2,029 நோயாளிகளை மாறு அழுத்த மெத்தையிலும் தரமான ஃபோம் மெத்தையிலும் பிரித்துப் படுக்க வைத்தார்கள். புதிய புண் வந்தவர்கள் முதல் வகையில் 6.9 சதவீதம், இரண்டாவதில் 8.9 சதவீதம். உறுதியாகச் சொல்லும் அளவுக்கு வித்தியாசம் இல்லை. 2006-ல் வந்த அதன் முந்தைய ஆய்வில், மெத்தை மேல் விரிக்கும் வகைக்கும் விலை உயர்ந்த முழு மெத்தைக்கும் புண் வரும் விகிதத்தில் வேறுபாடு இல்லை. கடன் வாங்கிப் பெரிய மெத்தை வாங்கும் குடும்பங்களுக்கு இது தெரிய வேண்டும். மெத்தை மேல் விரிக்கும் வகையைச் சரியான காற்றில் வைத்து, மிச்சப் பணத்தில் ராத்திரி புரட்ட ஒரு ஆள் வைத்துக்கொள்வது மேல். புரட்டும்போது முழுக்க ஒருக்களித்து வைக்காமல், முதுகுக்குப் பின்னால் தலையணை கொடுத்து 30 டிகிரி சாய்த்தால் போதும். முழுக்க ஒருக்களித்தால் தொடை எலும்பின் முட்டு நேராக மெத்தையில் ஊன்றும்.

தினமும் குளிப்பாட்டும்போது வால் எலும்பு, இடுப்பு முட்டு, குதிகால், காது மடல் ஆகியவற்றை வெளிச்சத்தில் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் மூன்று விநாடி அழுத்தி எடுத்தால் வெளுத்துத் திரும்ப வேண்டும், வெளுக்காவிட்டால் புண் தொடங்கிவிட்டது. நம் நிறத்துக்குச் சிவப்பு தெரியாது. பக்கத்துத் தோலைவிடக் கறுத்து ஊதா ஓடியிருக்கிறதா, புறங்கையால் தொட்டால் சூடாக அல்லது சில்லென்று இருக்கிறதா, கெட்டியாக அல்லது சொதசொதவென்று இருக்கிறதா என்று பாருங்கள். அந்த இடத்தைத் தேய்க்காதீர்கள், எண்ணெய் போட்டு உருவிவிடாதீர்கள். எடையை அங்கிருந்து எடுத்துவிட்டு, குமிழையும் கையையும் மறுபடி பாருங்கள், மருத்துவரிடமும் காட்டுங்கள்.

யாருக்குப் போடக் கூடாது என்பதும் உண்டு. முதுகெலும்பு உடைந்து இன்னும் நிலைப்படாதவர்களுக்கும், கழுத்துக்கு எடை கட்டி இழுத்திருப்பவர்களுக்கும் ஏறி இறங்கும் மெத்தை ஆபத்து. சிறு குழந்தைக்குப் பெரியவர்களின் மெத்தை போட்டால் தலை மெத்தையின் இரண்டு உப்பிய குழாய்க்கு நடுவே விழும். மெத்தை போட்டதும் படுக்கை நாலைந்து அங்குலம் உயரும், பக்கத்துக் கம்பி அந்த அளவுக்குத் தாழ்ந்துவிட்டது என்று பொருள். ஓரம் அமுங்கி ஆள் உருண்டு விழலாம். மருத்துவமனை மெத்தையில் தலைப்பக்கம் சி.பி.ஆர். என்று எழுதிய சிவப்புப் பட்டை இருக்கும். இதயம் நின்றால் அதை இழுத்துக் காற்றை இறக்கி, முதுகுக்குப் பலகை கொடுத்து மார்பை அழுத்த வேண்டும். அதற்காக மார்பு அழுத்துவதைத் தாமதிக்கக் கூடாது. வீட்டு மெத்தையில் பட்டை கிடையாது, பம்போடு சேரும் இரண்டு குழாயையும் உருவிவிடுவதுதான் வழி. நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் எல்லாருக்கும் அந்தப் பட்டையோ குழாயோ எங்கே இருக்கிறது என்று காட்டி வையுங்கள்.

ஒரு வீட்டில் வேலை முடிந்த ஏர் பெட் சொந்தக்காரர் வீட்டுக்கோ பக்கத்துத் தெருவுக்கோ போவது நம்மிடம் வழக்கம், நல்ல வழக்கம். கொடுக்கும் முன் சோப்புத் தண்ணீரால் துடைத்து, 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலை லிட்டருக்கு 20 மி.லி. கலந்து இன்னொரு முறை துடையுங்கள். பத்து நிமிடம் கழித்துத் தண்ணீரால் துடைத்து நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் போட்டால் பி.வி.சி. விறைத்து வெடிக்கும். காற்று ஏற்றி, ஆள் இல்லாமல் ஒரு நாள் முழுக்க ஓட விடுங்கள். அடுத்து இரண்டு சிமெண்ட் மூட்டையைப் போர்வையில் சுற்றி நடுவில் வைத்து, அடியில் கை விட்டுப் பாருங்கள். வடிகட்டியை மாற்றுங்கள். பம்பில் பழைய நோயாளிக்காகப் போட்ட மார்க்கர் கோட்டை ஸ்பிரிட் தொட்டு அழித்துவிட்டுக் கொடுங்கள். புதியவருக்கு அந்த இடம் பொருந்தாது.